மண்டபத்துக் கோடை: வெயில், காற்று, மழை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்தால் போதும், என்னிடம் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். துபாயில் இருக்கும் அக்காள் மகன், "மாமா, ஊர்ல வெயில் ரொம்பவா? பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா?" என்பான். ராமேசுவரம் கிளம்பும் மதுரைச் சொந்தக்காரர்களுக்கு மழை வருமா என்று தெரிய வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா சுற்றி வளைக்காமல், "இன்னைக்குக் கருவாடு காயப்போடவா வேண்டாமா?" என்பார். நான் வானிலை அதிகாரி இல்லை. ராமேசுவரம் போகும் வழியில், ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் முப்பது கோடையைப் பார்த்தவன், திண்ணை நிழலில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டிருப்பவன், அவ்வளவுதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

பேப்பரில் நம் பக்கத்து ஊரான பாம்பன் 34 டிகிரி என்றுதான் போடுகிறார்கள். மதுரையில் 39. ஆனால் இங்கேதான் உடம்பு அவிகிறது. ஏன்?

பேப்பரில் போடுவது நிழலில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானியின் கணக்கு. காற்று எவ்வளவு சூடு என்பதைத்தான் அது சொல்லும். உங்கள் வியர்வை காய்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

உடம்பு குளிர்வது வியர்வை காய்வதால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் வழிந்து ஓடும், உடம்புச் சூடு உள்ளேயே நிற்கும். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து 'உணரும் வெப்பம்' என்று ஒரு கணக்கு உண்டு. அதன்படி 33 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்கு 43 டிகிரிக்கு மேல் தெரியும். 39 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 25 சதவீதம்தான் என்றால் கிட்டத்தட்ட அதே 39, 40 தான் தெரியும். ஆக, மதுரைக்காரரிடம் "எங்க ஊர்ல 33 தான்" என்று பெருமை பேசுவதில் அர்த்தமில்லை. நான் பேசியிருக்கிறேன். அவர் சித்திரையில் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார்.

ராத்திரியும் அப்படித்தான். ஏப்ரல், மே மாதங்களில் கடல்நீரே 30 டிகிரிக்கு மேல் சுட்டுக் கிடக்கும். இரண்டு பக்கமும் வெந்நீர்த் தொட்டி வைத்த மாதிரி நடுவில் நம் ஊர். விடியற்காலையில்கூட 27, 28க்குக் கீழே இறங்க மறுக்கும்.

கோடை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

பள்ளிக்கூடத்துக்கு ஏப்ரலும் மேயும். வானிலைத் துறைக்கு மார்ச் முதல் மே வரை. நமக்கு வாடை ஓய்ந்த நாளிலிருந்து, ஐப்பசியில் முதல் நல்ல மழை விழும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் காற்றுதான் மாறுமே தவிர வறட்சி மாறாது.

இதில் ஒரு சுவாரசியம். சூரியன் நடுப்பகலில் சரியாக நம் உச்சந்தலைக்கு மேலே வருவது வருடத்தில் இரண்டு முறை. மண்டபம், பாம்பன், ராமேசுவரம் எல்லாம் 9.3 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டி இருப்பதால், முதல் முறை வருவது ஏப்ரல் 14ஐ ஒட்டி, அதாவது நம் சித்திரைப் பிறப்பன்று. அன்றைக்கு மதியம் 12 மணி தாண்டிச் சிறிது நேரத்தில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். இரண்டாவது முறை ஆகஸ்ட் கடைசியில். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், காசு செலவில்லாத வேடிக்கை.

அப்படியென்றால் கத்திரி வெயிலில்தான் உச்சமா?

சூரியன் பரணி நட்சத்திரத்தின் பின்பகுதியில் தொடங்கி, கார்த்திகை முழுவதையும் கடந்து, ரோகிணியின் முதல் பாதம் வரை இருக்கும் நாட்களைத்தான் அக்கினி நட்சத்திரம் என்கிறோம். வழக்கமாக மே 4ஐ ஒட்டித் தொடங்கி மே 28 வாக்கில் முடியும். பஞ்சாங்கக் கணக்கு அது. வானிலைத் துறை அப்படி ஒரு காலத்தைக் குறிப்பதில்லை. உள்மாவட்டங்களுக்கு அது ஓரளவு பொருந்தி வரும். மண்டபத்தில் என் அனுபவத்தில் மோசமான நாட்கள் கத்திரிக்கு முன்னாலேயே, ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் வாரம் வரை வந்துவிடுகின்றன. வெப்பம் அப்போது உச்சத்தில் இருக்கிறது என்பதற்காக இல்லை, காற்று செத்துப்போவதால். கத்திரியின் பின்பாதியில் கச்சான் என்னும் மேற்குக் காற்று எடுத்துவிட்டால் நாங்கள் மூச்சு விட்டுவிடுவோம்.

கச்சான், சோழகம், கொண்டல், வாடை... இதெல்லாம் என்ன?

இந்தக் கரையில் வானிலை என்றாலே இந்த நான்கு பெயர்தான். வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து சோழகம். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது கச்சான். ஊருக்கு ஊர் திசையில் கொஞ்சம் சாய்த்துச் சொல்வார்கள், சண்டைக்குப் போகாதீர்கள்.

மாசி, பங்குனியில் வாடை ஓய்ந்து கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். சித்திரையில் காற்றுக்குத் திசையே இருக்காது. காலையில் ஒரு பக்கம், மதியத்துக்கு மேல் கடல் காற்றாக இன்னொரு பக்கம், நடுவில் இரண்டு மணி நேரம் ஒன்றுமே இருக்காது. புழுக்கத்தின் உச்சம் அந்த இரண்டு மணி நேரம்தான். வைகாசியில் கச்சான் தலைகாட்டும். ஆனி, ஆடியில் அது மணலை அள்ளி முகத்தில் எறியும். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்ற பழமொழியை இந்தக் கரையில் வந்து கேட்டால் மிகையாகவே தெரியாது.

எந்தக் காற்று என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கரையில் போய், நங்கூரம் போட்டு நிற்கும் வள்ளங்களைப் பாருங்கள். நீரோட்டம் பலமாக இல்லாத நேரத்தில் எல்லா வள்ளமும் ஒரே பக்கம் தலையைத் திருப்பி நிற்கும். அந்தப் பக்கமிருந்துதான் காற்று. கரைக்குப் போக முடியாதவர்களுக்குக் கொடியில் கிடக்கும் துணி போதும். கொண்டல் நாளில் காலையில் போட்ட லுங்கி மதியம் எடுக்கும்போதும் தொட்டால் ஈரமா உப்பா என்று தெரியாத பிசுபிசுப்பில் இருக்கும். கச்சான் நாளில் அதே லுங்கி அரை மணியில் மொரமொரவென்று காய்ந்து, கிளிப் போடாவிட்டால் அடுத்த தெருவில் கிடக்கும். பக்கத்து வீட்டு அக்கா கருவாட்டுக்குக் கேட்கும் கேள்விக்கும் விடை இந்தக் கொடியில்தான் இருக்கிறது. கொண்டலில் காயப்போட்டால் மீன் காய்வதற்குள் நாற்றம் எடுத்துவிடும்.

மண்டபத்தில் ஜூன் மாதம் தாங்குகிறது. தொண்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டில் தாங்க முடியவில்லை. இரண்டும் ஒரே மாவட்டத்துக் கடற்கரைதானே?

ஒரே மாவட்டம்தான், ஆனால் கடற்கரை இரண்டு. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் கடல் தெற்கே இருக்கிறது, மன்னார் வளைகுடா. தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி பக்கம் கடல் கிழக்கே இருக்கிறது, பாக் நீரிணை. மண்டபம், பாம்பன், ராமேசுவரத்துக்கு இரண்டு பக்கமும் கடல்.

ஜூனில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் நமக்கு மன்னார் வளைகுடாவைத் தாண்டித் தண்ணீர் மேல் வருகிறது. தொண்டிக்கோ சாயல்குடி, முதுகுளத்தூர், பரமக்குடி, திருவாடானை எனக் காய்ந்த தரை முழுக்கத் தடவிக்கொண்டு வருகிறது. அது பலமாக அடிக்கும் நாளில் கடல் காற்றைக் கரையேறவே விடாது. அதனால் பாம்பன் 33, 34ல் நிற்கும் நாளில் தொண்டி 37, 38ஐத் தொடுவது உண்டு. கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாலும் முதுகில் அடுப்பனல் அடிக்கும். மட்டக்களப்புப் பக்கமும் இதே கச்சானை அனல் காற்று என்றுதான் சொல்வார்கள். அங்கே அது இலங்கை மலைகளைத் தாண்டி இறங்கி வருகிறது.

தங்கச்சியை ஜூனில் இங்கே வந்து இருக்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் நீங்கள் அங்கே போகலாமா என்று கேட்காதீர்கள், ஏப்ரலில் எல்லா ஊரும் ஒன்றுதான்.

வெப்ப அலை எச்சரிக்கை நமக்கு வருவதே இல்லையே?

சமவெளியில் 40 டிகிரி, கடற்கரையில் 37 டிகிரி தாண்ட வேண்டும், அத்தோடு அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அப்போதுதான் வானிலைத் துறைக் கணக்கில் அது வெப்ப அலை. பாம்பனில் இயல்பே 33 சுற்றி என்பதால் அந்த எல்லைக்கு அது போவது அபூர்வம். ஆனால் ஈரத்தோடு சேர்ந்த 34 ஆளைச் சாய்க்கும் என்பது மேலே பார்த்த கணக்கு. '37ஐத் தாண்டவில்லை, அதனால் ஆபத்தில்லை' என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உள்ளூர் வேலையாட்களுக்கு அதன் பலன் கிடைக்க, புழுக்கத்துக்கும் ஓர் அளவுகோல் வேண்டும் என்பது என் எண்ணம்.

போனில் காட்டும் வெப்பத்தையும் மழையையும் நம்பலாமா?

ஒரு கண்ணால் பார்க்கலாம். போனில் வருவது பெரும்பாலும் கணினி மாதிரியின் கணக்கு, மண்டபத்தில் யாரும் அளந்த எண் அல்ல. அந்த மாதிரிகள் நிலத்தைப் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். நம் ஊர் விழும் கட்டத்தில் பாதிக்கு மேல் கடல். அதனால் சில நாள் கடலின் கணக்கையும் சில நாள் நிலத்துப் பக்கம் இருக்கும் உச்சிப்புளியின் கணக்கையும் நம் ஊர் என்று காட்டும்.

அளந்த எண் வேண்டுமென்றால் பாம்பன், தொண்டி வானிலை நிலையங்களின் கணக்கு சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தினசரி அறிக்கையில் வருகிறது. வானிலைத் துறையின் 'மௌசம்' செயலியும், மின்னலுக்கு 'தாமினி' செயலியும் போனில் இருக்கட்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வரும் உடனடி முன்னறிவிப்பு கோடை இடிக்குப் பயன்படும். கடலுக்குப் போகிறவர்கள் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தரும் அலை எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். செயலியில் வெப்பம் எவ்வளவு என்று பார்ப்பதைவிட, காற்று எந்தத் திசை, என்ன வேகம் என்ற வரியை முதலில் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் மற்றதை நீங்களே சொல்லிவிடலாம்.

சாயங்காலம் மேற்கே மின்னுகிறது. மழை வருமா?

பத்துக்கு எட்டு நாள் வராது.

மதியத்துக்கு மேல் கடல் காற்று நிலத்துக்குள் போகிறது. எதிரே மேற்கிலிருந்து காற்று வருகிறது. இரண்டும் மோதும் இடத்தில் ஈரக்காற்று மேலே எழும்பி இடிமேகம் கட்டுகிறது. அந்த மோதல் நடப்பது பெரும்பாலும் பரமக்குடி, மானாமதுரை, மதுரைப் பக்கம். நாம் கரையில் நின்று அவர்கள் மழையின் மின்னலை மட்டும் வேடிக்கை பார்ப்போம். மேல்காற்று மேற்கிலிருந்து பலமாக இருந்தால் அந்த மேகம் கிழக்கே நகர்ந்து இரவு எட்டு, ஒன்பது மணிக்கு நம்மை எட்டும். முதலில் திடீரென்று குளிர்ந்த காற்று ஒரு தள்ளு தள்ளும், மண்வாசனை வரும், அதற்கடுத்த கால் மணியில் மழை. குளிர்காற்று வராமல் மின்னல் மட்டும் என்றால் பாயை மொட்டை மாடியிலேயே விரிக்கலாம்.

கோடை மழை நல்லதுதானே?

நமக்கு நல்லது. எல்லாருக்கும் இல்லை. முண்டு மிளகாய்க்காரருக்கு அது களத்தில் காயும் வத்தல் மேல் விழும் மழை. நனைந்த வத்தல் நிறம் வெளுத்துப் பூஞ்சை பிடித்தால் விலை பாதிக்குப் பாதி. மேகம் தெரிந்ததும் குடும்பமே தார்ப்பாயோடு களத்துக்கு ஓடும். வாலிநோக்கம், திருப்பாலைக்குடி உப்பளங்களில் பாத்தியில் விளைந்த உப்பு ஒரே மழையில் கரைந்து போகும், மறுபடி நீர் கட்டிக் காய விட வேண்டும். பனையேறிக்கும் அன்றைய பதநீர் வீண். இந்த மாவட்டத்தின் பாதிப் பிழைப்பு வெயிலை நம்பித்தான் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் "பாவம், வறண்ட பூமி" என்னும்போது இதைச் சொல்லத் தோன்றும்.

கடல் உள்வாங்கிவிட்டது என்று வாட்சப்பில் வருகிறதே, சுனாமியா?

கோடையில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வடகடல் வற்றி, நாட்டுப்படகுகள் தரைதட்டிச் சாய்ந்து கிடக்கும் படம் வருடாவருடம் வரும். பாக் நீரிணை ஆழம் குறைந்தது. தெற்கிலிருந்து அடிக்கும் பலத்த காற்று தண்ணீரை வடக்கே தள்ளும். அதோடு கடல் இறங்கும் நேரமான வற்றமும் சேர்ந்தால் கரை விலகித் தெரியும். சில மணி நேரத்தில் ஏற்றம் வந்து படகு மிதக்கும். நிலநடுக்கச் செய்தியோ அரசு எச்சரிக்கையோ இல்லாமல் இது மட்டும் நடந்தால் பதறத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது வேறொன்று, கள்ளக்கடல். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் அடித்த புயற்காற்றில் எழும்பிய அலை, இரண்டு மூன்று நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும். வானம் தெளிவாக இருக்கும், அலை மட்டும் நீண்டு உள்ளே வரும். பெயர் வந்ததே அதனால்தான். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கால் நனைக்கிறவர்கள் அன்றைய அலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அங்கே எச்சரிக்கை இல்லாத நாளிலும் நீரோட்டம் இழுக்கும், குளிக்கிற இடமே அல்ல.

பாம்பனில் 1ஆம் எண் கூண்டு ஏற்றினால் நமக்கு மழை உண்டா?

1ஆம் எண் கூண்டு என்றால் தூரத்தில் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, கப்பல்களே கவனம் என்று அர்த்தம். நம் மேல் வருகிறது என்று அல்ல. 3ஆம் எண் என்றால் துறைமுகப் பக்கம் பலத்த காற்று வீசக்கூடும்.

மே மாதத்து வங்கக் கடல் புயல்கள் பெரும்பாலும் வடக்கே ஒடிசா, வங்காளம், மியான்மர் பக்கம் போய்விடும். 2019இல் ஃபானி, 2020இல் ஆம்பன், 2023இல் மோக்கா எல்லாம் அப்படித்தான். போகிற போக்கில் மேற்குக் காற்றை இழுத்து நம் கிழக்குக் கரையைக் கூடுதலாகச் சுட வைத்துவிட்டுப் போகும். நம் கரை பயந்த புயல்கள் மார்கழிப் பக்கம் வருபவை. தனுஷ்கோடியை அழித்தது 1964 டிசம்பர் 22 நள்ளிரவில்.

மீன்பிடித் தடைக்காலம் காற்றுக்காகத்தானே?

இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, மீன்களின் இனப்பெருக்கத்துக்காக. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. காற்று பலமாக இருக்கும் நாளில் மீன்வளத் துறை கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கன் தராமல் நிறுத்துவது தனி விஷயம்.

மே விடுமுறையில் ராமேசுவரம் வரலாமா?

வரலாம், நேரத்தை மட்டும் புரட்டிப் போடுங்கள். விடியற்காலையில் அக்கினி தீர்த்தம், பத்து மணிக்குள் கோவில். பிரகாரத்துக்குள் கல் குளிர்ந்திருக்கும். வெளியே நான்கு வீதிகளில் செருப்பில்லாமல் பதினொரு மணிக்கு மேல் நடந்தால் நடை தானாக ஓட்டமாகும். தனுஷ்கோடிக்கு மதியம் போகாதீர்கள். அங்கே மரமும் இல்லை, நிழலும் இல்லை, வெள்ளை மணல் கீழிருந்தும் சுடும். சாயங்காலம் நான்கு மணிக்குப் போய், காவல்துறை திரும்பச் சொல்வதற்குள் வந்துவிடுங்கள். ஜூன், ஜூலையில் வந்தால் பாம்பன் சாலைப் பாலத்தில் பைக்கை நிறுத்திப் படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள்.

நுங்கும் பதநீரும் இந்த மாதங்களில்தான். வழியில் பனையோலைப் பட்டையில் பதநீர் தந்தால் மறுக்காதீர்கள். காலைப் பதநீர் மட்டும், மதியத்துக்கு மேல் புளித்துவிடும்.

கதவு, ஏசி, பைக் எல்லாம் இப்படித் துருப்பிடிக்கிறதே?

உப்புக்காற்று. காரைக்குடியில் உள்ள சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகம் அரிப்பதை ஆராய மண்டபம் முகாமில்தான் நிலையம் வைத்திருக்கிறது என்றால் புரிந்துகொள்ளுங்கள். ஏசியின் வெளிப்பெட்டியைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். என் வீட்டில் மாட்டியவர் "ஒன்றும் ஆகாது சார்" என்றார். மூன்றாம் வருடம் அதன் தகரத்தில் விரல் போகும் ஓட்டை.

வெயில் மயக்கம் வந்தால்?

வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். நம் புழுக்கத்தில் வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் உடம்புச் சூடு எல்லை மீறலாம். பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ 108ஐக் கூப்பிட்டுவிட்டு, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தெளிவாக இருப்பவருக்கு உப்புப் போட்ட மோர், நீராகாரம், ஓஆர்எஸ் எதுவானாலும் சரி.

கேரளாவில் பருவமழை தொடங்கிவிட்டது என்கிறார்கள். நமக்கு எப்போது?

கேரளாவில் வழக்கமான தேதி ஜூன் 1. 2025இல் மே 24லேயே வந்துவிட்டது. அந்த மழை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். நமக்கு வருவது அதன் காற்று மட்டும். நம் ஊருணி நிறைவது வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள். வரும்போது அளவு தெரியாமலும் வரும். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது.

அதுவரை காவிரி கூட்டுக் குடிநீர் வரும் நாளில் குடங்களை நிரப்பி வையுங்கள். ஊருணிக்குத் தள்ளுவண்டி கொண்டுபோகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், கச்சான் எழுந்துவிட்டால் மேற்கே போகும்போது காலிக் குடம்கூட வண்டியில் நிற்காது.